சீனி ஆகாத சீவன்கள்

டெகு என்கிற சிறு கொறிபிராணியின் முன்பற்கள் செம்மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். வெளிறத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும். குட்டியாக இருக்கும்போது மட்டும் வெள்ளைப் பல். வளர வளர நிறம் ஏறிவிடும். இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோது அம்மா கூட்டுக்குள் இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார். "எனக்கெண்டால் வெத்திலை போட்ட கிழவன்ர பல்லு மாதிரித்தான் தெரியுது" என்றார். கிழவன் என்று சொன்ன பிறகு மரியாதையும் வந்துவிட்டது. கூட்டிலிருந்த டெகு இரண்டுக்கும் மகள் தேடித் தேடி வைத்த ஆங்கிலப் பெயர்கள் நிலைக்கவில்லை. ஒருவர் பெரியவர், மற்றவர் சின்னவர். அண்ணன் தம்பி.

லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு வீட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அந்த வீட்டுப் பெடியன் பல்கலைக்கழகம் போகிறான், பார்க்க ஆளில்லை என்றார்கள். இங்கிலாந்தில் வீட்டுப் பிராணிகள் பலதும் இப்படித்தான் கைமாறுகின்றன. பத்துப் பன்னிரண்டு வயதில் அடம்பிடித்து வாங்குகிற பிள்ளைக்கு, அந்த மிருகம் எட்டு வருடம் உயிரோடு இருக்கும் என்று அப்போது யாரும் சொல்வதில்லை. சொந்த ஊரான சிலியில் டெகுவுக்கு ஆயுள் அற்பம். நரியும் ஆந்தையும் வல்லூறும் தின்றது போக இரண்டு வருடத்தைத் தாண்டுவது அபூர்வம். வீட்டுக் கூட்டுக்குள் ஐந்திலிருந்து எட்டு வருடம். கவனமாகப் பார்த்தால் அதற்கு மேலும் இருக்கும்.

கூட்டோடு கூடவே அரைவாசி முடிந்த உணவுப் பக்கெற் ஒன்றும் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டும்.

வந்த புதிதில் செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பது. பிள்ளைகளுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. கூட்டைச் சன்னல் வெயில் படாத, ஹீற்றருக்குப் பக்கமில்லாத, தொலைக்காட்சி சத்தம் முட்டாத ஒரு மூலையில் வைத்துவிட்டு, தண்ணீரும் புல்லும் போட்டு, விட்டுவிட வேண்டும். மேலிருந்து கையை இறக்கித் தூக்கப் போனால் அந்தக் கை பருந்தாகத்தான் தெரியும். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். அம்மாவுக்கு அந்தப் பாடே இல்லை. தன் கதிரையைக் கூட்டுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, பேப்பரை விரித்து, தன்பாட்டில் இருந்தார். ஹாம்ஸ்டர் என்றால் பகல் முழுவதும் தூங்கி, நாங்கள் படுக்கப் போகும் நேரம் எழும்பியிருக்கும். டெகு பகலில் நடமாடுகிற பிராணி. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் விழித்திருந்தவர்கள் அவர்கள் மூவர்தான். முதலில் கையருகே வந்ததும் அம்மாவிடம்தான். மகளுக்கு அதில் நெடுநாள் கோபம்.

அம்மாவின் உள்ளங்கையில் பெரியவர் சாப்பிட்டதை நான் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பெல்லட்டை வாயால் எடுத்து, பின்கால்களில் குந்தி, முன்கை இரண்டாலும் பிடித்து, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிக் கடிப்பார். கடிக்கும்போது மீசை மயிர்கள் முன்னுக்கு வரும். தின்று முடித்ததும் அம்மாவின் பெருவிரல் நகத்தடியை மெல்லக் கொறித்துப் பார்த்தார். அது கடியல்ல, ஒன்றையொன்று சுத்தம் செய்யும்போது அவை அப்படித்தான் செய்யும். அம்மா அசையவில்லை. காப்பில் பல் பட்டபோது மட்டும், "அது தங்கம் ராசா, தின்னேலாது" என்றார்.

அந்தப் பக்கெற் விஷயம். சிறு பிராணிகளுக்கான கலவை என்று எழுதி, முன்பக்கத்தில் ஹாம்ஸ்டரும் முயலும் ஜெர்பிலும் வரிசையாகச் சிரிக்கிற படம். உள்ளே காய்ந்த வாழைப்பழத் துண்டு, பப்பாசி, சோளம், நிறமூட்டிய ஏதோ உருண்டைகள், எல்லாவற்றிலும் ஒரு பிசுபிசுப்பு. மாற்று வாங்கக் கடைக்குப் போனால், விற்பனைக்கு நின்ற பிள்ளை தேன் பூசிய விதைக் குச்சி ஒன்றை எடுத்து நீட்டினாள். "எல்லாம் விரும்பித் தின்னும்" என்றாள். விரும்பித் தின்னும் என்பது உண்மை. அதுதான் பிரச்சினையும்.

டெகுவை எலி என்று சொல்கிறோமே தவிர, எலிக்கு அது தூரத்து உறவு. கினிப்பன்றியும் சின்சில்லாவும்தான் நெருங்கிய சொந்தம். எல்லாம் தென்னமெரிக்கக் கிளை. இந்தக் கிளையின் இன்சுலின் மற்றப் பாலூட்டிகளின் இன்சுலினிலிருந்து அமைப்பிலேயே மாறுபட்டது. வலுவும் மிகக் குறைவு. மத்திய சிலியில், அந்தீசு மலைக்கும் கடலுக்கும் நடுவே, முட்புதரும் காய்ந்த புல்லுமாகக் கிடக்கும் நிலத்தில் அந்த இன்சுலினே போதும். புல், இலை, மரப்பட்டை, விதை. சீனி வாய்க்கு எட்டுவதே அரிது. அதே உடம்புக்கு ஹரோவில் தினமும் ஒரு துண்டு வாழைப்பழம் கொடுத்தால் நீரிழிவு வருகிறது. கண்ணும் போகிறது. கண்வில்லைக்குள் சர்க்கரையை வேறொன்றாக மாற்றுகிற நொதி டெகுவுக்கு மிகக் கடுமையாக வேலை செய்வதால், நோய் வந்து சில வாரங்களிலேயே கண்புரை படர்ந்துவிடும். சிலியிலிருந்து இவற்றை ஆய்வுக்கூடங்களுக்குக் கொண்டுபோனதற்கு இந்தச் சர்க்கரை விவகாரமும் ஒரு காரணம். கடைக் கூட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு.

இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவர் சிரித்தார். "அப்ப எங்கட ஆக்கள்தான்" என்றார்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து எத்தனையோ வருடம். ஃபிரிட்ஜ் கதவில் பாலுக்குப் பக்கத்தில் இன்சுலின் பேனா நிற்கும். லண்டன் தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் அந்த இடத்தில் அப்படியொரு பேனா நிற்கிறது என்று நான் கணக்கெடுக்காமலே சொல்வேன். அதே வீடுகளின் அலுமாரி மேல் தட்டில் ஒரு பிஸ்கற் ரின்னும் இருக்கும். வந்தவர்களுக்கு எடுத்து வைக்காவிட்டால் நாலு பேர் நாலு கதை கதைப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அன்பு என்றால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போனாலும் குளுக்கோசும் தோடம்பழமும் கொண்டு போகிற சாதி நாங்கள்.

ஆகவே அம்மாவுக்கும் மகளுக்கும் நடந்த சண்டை ஒரு முந்திரிகை வத்தலில்தான் தொடங்கியது. பாயாசத்துக்கு வாங்கியதில் ஒன்றை அம்மா சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு கூட்டடிக்குப் போனார். மகள் கண்டுவிட்டாள்.

"அம்மம்மா, அது நஞ்சு."

"ஒண்டே ஒண்டு குடுத்தால் செத்தே போகும்? வீட்டுக்கு வந்த வாயில்லாச் சீவனுக்கு ஒண்டும் குடாமல் விடுறதே?"

"நீங்களும் சாப்பிடக்கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்தோடு சண்டை வேறு திசைக்குப் போய்விட்டது. வத்தலை நான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கு இன்னும் வரவில்லை.

புல்தான் சாப்பாடு என்பதை அம்மா ஏற்றுக்கொள்ள நாளெடுத்தது. திமோதிப் புல், எந்நேரமும், எவ்வளவும். அது வயிற்றுக்கு மட்டுமல்ல, பல்லுக்கும். முன்பல் மட்டுமின்றிக் கடைவாய்ப் பல்லும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார் நாராக அரைத்தால்தான் தேயும். பெல்லட் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்துக் கிராம் அளவில். கொஞ்சம் புரொக்கோலி, கொஞ்சம் இலை. தோட்டத்தில் களையென்று பிடுங்கி எறிகிற டான்டிலியன் இலையை அம்மா ஒவ்வொரு நாளும் கழுவிக்கொண்டு வந்து வைப்பார். கொடுப்பதற்கு ஒன்று கிடைத்துவிட்டதால் வத்தல் கதை அடங்கியது. சூரியகாந்தி விதை எப்போதாவது ஒன்று, அதுவும் கையால். அதில் கொழுப்பு அதிகம். அந்த ஒரு விதைக்காக அவை எதையும் செய்யும். ஜப்பானில் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தில் டெகுக்களுக்குச் சின்ன வாரி ஒன்றைப் பிடித்து, எட்டாத விதையைத் தன் பக்கம் இழுக்கப் பழக்கினார்கள். 2008இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டியபோது, முற்றம் கூட்டவும் பழக்கலாமோ என்று கேட்டார்.

முற்றம் என்றதும் அவர் பேச்சு ஊருக்குப் போய்விடும். வேலி, வேலியில் அணில், அணில் கொறித்த கொய்யா. சின்னவர் கூட்டுத் தட்டில் ஏறி வாலை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அந்த அணில் வரும். முதன்முதலில் டெகுவுக்கு அறிவியல் பெயர் வைத்தவரும் அதை அணில் இனத்தில்தான் சேர்த்தார். ஹுவான் இக்னாசியோ மொலினா, சிலியில் பிறந்த இயேசு சபைத் துறவி. 1767இல் ஸ்பானிய அரசு அந்தச் சபையினரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து துரத்தியபோது அவரும் கப்பலேற்றப்பட்டார். இத்தாலியில் பொலோஞாவில் போய் ஒதுங்கி, அங்கேயிருந்துகொண்டு தன் நாட்டின் மரம், பறவை, மிருகம், மண் எல்லாவற்றையும் இத்தாலிய மொழியில் எழுதினார். 1782இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தில் டெகுவும் இருக்கிறது. மொலினா 1829இல் பொலோஞாவிலேயே இறந்தார். சிலிக்குத் திரும்பவேயில்லை. அவருக்குப் பிறகு சிலியில் இறங்கிய டார்வினுக்கு நாடு கடத்தப்பட்ட பிரச்சினை இல்லை. வேலியோரங்களில் டெகுக்கள் நூற்றுக்கணக்கில் ஓடித் திரிந்ததை நேரில் பார்த்தார். பார்த்து எழுதியவரை உலகம் முழுக்கத் தெரியும். எனக்கு அந்த மற்ற மனிதரைத்தான் பிடிக்கிறது.

சின்னவரின் வால் பாதிதான். டெகுவின் வால் நுனியில் தூரிகை போல ஒரு கறுப்புக் குஞ்சம் இருக்கும்; சின்னவருக்கு அது கிடையாது. முந்திய வீட்டுக்கு விருந்துக்கு வந்த சின்னப் பிள்ளை ஒன்று வாலைப் பிடித்து இழுத்ததாம். வாலின் தோல் உறை மாதிரிக் கழன்று கையோடு வந்துவிடும். பருந்தின் காலில் தோலை விட்டுவிட்டு உயிரோடு வளைக்குள் ஓடுவதற்கான ஏற்பாடு அது. மிஞ்சிய எலும்பை அதுவே பிறகு கடித்து எறிந்துவிடும். பல்லிக்கு வளர்வதுபோல் இதற்குத் திரும்ப வளராது. அதனால் வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் சட்டம் வாலைத் தொடாதே. தூக்க வேண்டுமென்றால் இரண்டு கையையும் கிண்ணமாக்கி அடியிலிருந்து ஏந்த வேண்டும். தானாக வந்து ஏறினால் இன்னும் நல்லது.

கூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மகள் கோபிப்பாள். வந்த கூட்டில் தட்டுகளெல்லாம் பிளாஸ்ரிக். ஓரமெல்லாம் கடித்துச் சீவப்பட்டிருந்தன. பிளாஸ்ரிக்கை டெகு தின்றுவிடும், வயிற்றில் போய் அடைக்கும். மரச்சட்டமும் நிற்காது. இரும்புக் கம்பிதான் சரி. ஆனால் நிலம் கம்பியாக இருக்கக் கூடாது, பாதம் புண்ணாகும். ஒரு மீற்றர் உயரத்தில் வேறு கூடு வாங்கி, தட்டுக்குப் பலகை வைத்து, பலகை தின்று முடிய வேறு பலகை வைத்துக்கொண்டிருக்கிறோம். ஓடுகிற சக்கரம் முப்பது சென்ரிமீற்றர் விட்டம், மூடிய தளம். சிறியதில் ஓடினால் முதுகு வளையும், கம்பிச் சக்கரத்தில் காலும் வாலும் மாட்டும். இரண்டையும் பிரிக்கக் கூடாது. சிலியில் பல பெண் டெகுக்கள் ஒரே வளையில் குட்டி போட்டு, ஒன்றின் குட்டிக்கு மற்றது பால் கொடுத்து வளர்க்கும். தனியே விட்ட டெகு தன் மயிரைத் தானே பிடுங்கத் தொடங்கும்.

தண்ணீரில் குளிப்பாட்டுவது ஆகாது. சின்சில்லா மணல் என்று கடையில் விற்பதை ஒரு கனமான மட்பாத்திரத்தில் போட்டு வைத்தால் அவைகளே புரளும். முதல் தரம் அதைப் பார்த்த அம்மா பதறிப்போனார். வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்தார். ஒருவர் புரண்ட உடனே மற்றவர் அதே இடத்தில் புரள்வார். குளியல் மட்டுமல்ல, வாசனை மாற்றிக்கொள்வதும் அதில் நடக்கிறது. டெகுவின் கண்ணுக்குப் புற ஊதா ஒளி தெரியும், புதிதாகப் பெய்த சிறுநீர் அந்த ஒளியில் பளிச்சிடும். நமக்கு வெறும் பலகையாகத் தெரிவது அவற்றுக்கு எழுதி வைத்த சுவர். அதனால் கூட்டை ஒரேயடியாகக் கழுவித் துடைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு தட்டைக் கழுவினால் மற்றத் தட்டு அடுத்த கிழமை. பழைய புல்லில் ஒரு பிடியைத் திரும்பப் போட வேண்டும். அம்மாவின் சுத்தத்துக்கு இது சரிவரவில்லை. வீபூதி பூசிக்கொண்டு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பார்.

2022 ஜூலை 19. இங்கிலாந்தில் முதல் முறையாக நாற்பது பாகையைத் தாண்டிய நாள். குளிருக்கென்று கட்டிய செங்கல் வீடுகள் சூளையாகிவிட்டன. யாழ்ப்பாணத்து வைகாசியைப் பார்த்தவர்கள் நாங்கள் என்று வாய் பேசிய உறவுகளெல்லாம் காற்றாடி தேடிக் கடை கடையாக அலைந்தார்கள். டெகு முப்பதையே தாங்காது. வேர்க்காது, வளைக்குள் இறங்கித்தான் வெயிலைத் தப்பும். கூட்டைக் கீழ்த்தளத்து வடக்கு அறைக்கு இழுத்தோம். திரையை மூடி, பீங்கான் ஓடு ஒன்றைக் குளிரவைத்து உள்ளே வைத்தோம். போத்தலில் தண்ணீரை உறையவைத்துத் துவாயில் சுற்றிக் கம்பிக்கு வெளியே சாய்த்தோம். பெரியவர் ஓட்டின் மேல் வயிற்றைப் பரத்திக்கொண்டு படுத்தார். இன்னொரு போத்தலை அதேபோல் சுற்றி அம்மாவின் காலடியில் வைத்தேன். ஃபிரிட்ஜில் பேனா இருக்கிறதா, வெளியே யாரும் எடுத்து வைத்துவிட்டார்களா என்று மகள் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு பட்டால் இன்சுலின் கெட்டுவிடும்.

நிறை பார்க்கும் பழக்கம் மிருக வைத்தியர் சொல்லித்தான் வந்தது. டெகு நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டினால் யாராவது தின்றுவிடுவார்கள் என்பது அதன் இரத்தத்தில் இருக்கிறது. பல் வேர் உள்ளுக்கு வளர்ந்து வலித்தாலும் சாப்பிடுவதுபோலவே குந்தியிருக்கும். நிறை குறைவது ஒன்றுதான் ஒளிக்க முடியாதது. தாடை ஈரமாவதும் சாப்பாட்டை எடுத்துவிட்டுக் கீழே போடுவதும் பிறகுதான் தெரியவரும். அப்படித் தெரியவரும்போது பெரும்பாலும் பிந்திவிடும். எல்லா மிருக வைத்தியர்களும் இவற்றைப் பார்ப்பதில்லை. நாய் பூனையோடு நின்றுவிடுகிறார்கள். பார்க்கிறவர் எங்கே இருக்கிறார் என்று முதல் கிழமையிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

நிறை எழுதும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். சமையலறைத் தராசில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, பெட்டிக்குள் ஒரு விதை. விதைக்காகப் பெரியவரோ சின்னவரோ ஏறுவார், எண் நிற்கும், அம்மா கண்ணாடியைச் சரிசெய்து வாசிப்பார். ஏற்கெனவே அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. காலையில் விரலில் குத்திப் பார்க்கிற சீனி அளவை எழுதுகிற கொப்பி. அதிலேயே இதையும் எழுதத் தொடங்கினார். தனிக் கொப்பி வாங்கித் தருகிறேன் என்றால், ஏன் காசைக் கரியாக்குகிறாய், எல்லாம் ஒரே வருத்தம்தானே என்றார். பெரியவர் 241. சின்னவர் 219. தனக்கு 8.4. தமிழில் எழுதுவதால் எண்ணைத் தவிர வேறொன்றும் வெளியாருக்கு விளங்காது.

நீரிழிவு கிளினிக்கில் நேர்ஸ் அந்தக் கொப்பியைத் திறந்தார். புது நேர்ஸ். பக்கத்தைப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தி, அடுத்த பக்கம் புரட்டி, திரும்ப வந்தார். இந்த 241 எப்போது வந்தது, எந்த மெசினில் பார்த்தீர்கள், அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று என்னிடம் கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

சொன்னேன்.

"அது பெரியவற்ற நிறை எண்டு சொல்லு. அவர் புல்லுத்தான் சாப்பிட்டவர் எண்டும் சொல்லு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நேர்ஸ் கொஞ்ச நேரம் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். தனக்கும் சிறுவயதில் ஒரு கினிப்பன்றி இருந்ததாகச் சொன்னார். பிறகு விரலால் சின்னவரின் நிரலை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போய், இவருக்கு மாசி மாதத்திலிருந்து இறங்கிக்கொண்டே வருகிறதே, பல்லைக் காட்டினீர்களா என்று கேட்டார். காட்டியாகிவிட்டது, அரைத்துவிட்டிருக்கிறார்கள், இப்போது ஏறுகிறது என்று அம்மா என் வாயால் பதில் சொன்னார். அந்த 8.4க்கு நேர்ஸ் வந்து சேர்ந்தபோது எங்களுக்குத் தந்த பத்து நிமிடமும் முடிந்துவிட்டிருந்தது. அடுத்த ஆள் வெளியே இருமினார்.